பிடிக்காத பாட்டைச் சொல்லுங்கள்

வாங்க.
படி செங்குத்து, தலை பத்திரம்.
கீழே ரப்பர் ஷீட் குடோன்.
அந்த வாடை மூன்று பாட்டு வரைக்கும் இருக்கும்,
பிறகு தெரியாது.
செருப்பைக் கழற்ற வேண்டாம்.
போன மாசம் ஒருத்தர் கழற்றிவைத்து,
திரும்பும்போது வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு
மேல்புறம் வரைக்கும் போய்விட்டார்.

மார்த்தாண்டத்தில் இரண்டாம் ஞாயிறு
ஐந்து மணி என்றால் ஐந்தே முக்கால்.
மேம்பாலத்தில் திருவனந்தபுரம் பஸ் போகும்போதெல்லாம்
ஜன்னல் கம்பி சன்னமாக ஒரு சுருதி பிடிக்கும்.
அது பாட்டில் உள்ளதல்ல.
புதிதாக வருகிறவர்கள் அதற்கும் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள்.
நானும் ஆட்டியவன்தான்.

ஸ்பீக்கர் வில்பிரடுடையது.
கோயில் திருவிழாவுக்கு அது வாடகைக்குப் போய்விட்டால்
அன்றைக்குக் கூட்டம் இல்லை.
சேர் பன்னிரண்டு. ஒன்றுக்குக் கால் ஆடும்.
அதில் உட்கார ஒத்துக்கொண்டதால்தான்
தங்கசுவாமி எங்கள் தலைவர்.
அந்தப் பக்கம் சகிலா பேகம்,
தபால் நிலையத்தில் முத்திரை குத்தி முப்பது வருஷம்,
தாளம் அரை நூல் விலகினாலும் அவர் கட்டைவிரல் நின்றுவிடும்.
சுயம்புலிங்கம் வயலின்களை எண்ணுவார்.
பதினாலு என்பார்.
சரிபார்க்க ஆளில்லை, ஆகவே பதினாலு.

பிடித்த பாட்டு எது என்று கேட்க மாட்டோம்.
கல்யாண ஆல்பம் நீட்டுவது மாதிரி
அதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.
பிடிக்காததைச் சொல்லுங்கள்.
எந்தப் பாட்டு வந்தால் ரேடியோவை அணைப்பீர்கள்,
எந்த வரியில்?
அதைத்தான் முதலில் போடுவோம்.
யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.
வருவார்கள்,
சாயா வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

ஆனி மாசம், தடைக்காலம், படகெல்லாம் கரையில்.
மழையைத் தலையில் தேய்த்துக்கொண்டே ஒருவர் ஏறி வந்தார்.
தூத்தூர். மரிய ஜெலஸ்டின்.
சுறாவுக்குப் போனால் முப்பது நாள் கடல்.
கேட்டோம்.
'ஒரு பாட்டும் முழுசா கேட்டதில்ல,
பின்ன எப்பிடி பிடிக்காமப் போவும்?' என்றார்.
எஞ்சினுக்கு மேலே எழும்புவது மட்டும்தான்
அவருக்குப் பாட்டு.
மேல்ஸ்தாயி, புல்லாங்குழல், சில சமயம் ஒரு மணி.
மற்றதையெல்லாம் டீசல் தின்றுவிடும்.

அவருக்கு மனப்பாடமான ஒன்றைப் போட்டான் வில்பிரட்.
பல்லவி முடியவில்லை, கை தூக்கினார்.
'நில்லுங்க. இதாரு,
கீழ கூடி நடக்கியது?'

பேஸ் கிட்டார்.

இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த பாட்டு.
அதற்குக் கால் இருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.
மறுபடியும் போடச் சொன்னார்.
மறுபடியும்.
நான்காம் தடவை சுயம்புலிங்கம் எண்ணுவதை விட்டுவிட்டார்.

பிறகு சகிலா பேகம் கேட்டார்,
'உங்களுக்குக் கேட்டது மாதிரி எங்களுக்குக் கேட்க வழி உண்டா?'
வில்பிரட் கீழ்ச்சத்தத்தை முழுக்கத் திருகிக் குறைத்தான்.
மீதியை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.
மார்பில் கைவைத்து, வாயை மூடி,
தலைவர் உட்பட எல்லாரும் எஞ்சின் ஆனோம்.
ஜெலஸ்டின் வேகம் சொன்னார், 'இன்னும் கொஞ்சம், ஏத்தம் இருக்கு.'
குடோன்காரன் மேலே ஓடி வந்து
எதுவும் கேட்காமல் இறங்கிப் போனான்.
அந்த இரைச்சலுக்கு மேலே,
ஈரத்தில் எரியும் தீக்குச்சி போல
ஒரு குரல் மட்டும்.
ஆயிரம் தடவை கேட்ட பாட்டு.
யார் பாடியது என்று எனக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை.

இப்போது அவர் கடலில்.
அவர் வரும்வரை அந்தப் பாட்டைத் தொடுவதில்லை
என்றெல்லாம் தீர்மானம் இல்லை.
போன மாசமும் போட்டோம்,
கீழே நடக்கிறவனைத்தான் எல்லாரும் கேட்டோம்.

சரி, குடையை அந்த மூலையில் சாய்த்துவையுங்கள்.
உங்கள் முறை.
கூச்சம் வேண்டாம்.
எதைச் சொன்னாலும் அது
தங்கசுவாமிக்கு உயிராகத்தான் இருக்கும்.
சேர் ஆடும் சத்தத்திலேயே தெரிந்துகொள்வீர்கள்.